தொலைத்தொடர்பு ஓஎஸ்எஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பின்புலத்தில் ஓடும் செயல்பாட்டு ஆதரவு அமைப்புகளைத் துறையில் எல்லோரும் ஓஎஸ்எஸ் என்றே சொல்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நெட்வொர்க் பக்கத்திலிருந்து மாறி வருகிறவர்கள், பழைய அமைப்பை மாற்றும் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் என மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. தொடக்கத்தில் எளிமையானவை, போகப்போகச் சிக்கல் கூடும்.

1. ஓஎஸ்எஸ்னா ஒரு சாஃப்ட்வேரா? ஆளாளுக்கு ஒரு ஸ்கிரீனைக் காட்டி இதுதான் ஓஎஸ்எஸ்ங்கறாங்களே?

ஒவ்வொருவரும் காட்டுவது அதன் ஒரு பகுதியைத்தான். ஓஎஸ்எஸ் என்பது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல அமைப்புகளின் தொகுப்பு. எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எந்த போர்ட் (கேபிள் சொருகும் இடம்) எதனுடன் இணைந்திருக்கிறது என்ற பதிவு இன்வென்டரி. வந்த ஆர்டரைப் படிகளாகப் பிரித்து நகர்த்துவது ஆர்டர் நிர்வாகம். கருவிக்குக் கட்டளை அனுப்புவது ஆக்டிவேஷன். பழுதை அறிவிப்பது அலாரம் அமைப்பு. நெரிசலையும் தரத்தையும் அளப்பது பெர்ஃபார்மன்ஸ் அமைப்பு. ஆளை அனுப்பிப் பழுது பார்ப்பதற்கு டிக்கெட் (பழுதுப் பதிவு), களப்பணி அமைப்புகள்.

இவை பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விற்பனையாளரிடம் வாங்கப்பட்டவை. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகத்தான் ஓடும். ஓர் அமைப்பிலிருந்து அடுத்ததற்குத் தகவல் கைமாறும் இடத்தில்தான் சிக்கல் அதிகம். கீழே வரும் பதில்களில் பாதி அந்த இடத்தைப் பற்றியவை.

2. பிஎஸ்எஸ் எங்க முடியுது, ஓஎஸ்எஸ் எங்க ஆரம்பிக்குது?

ஒருவர் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்குகிறார் என்று வையுங்கள். விலை, சலுகை, பில் தேதி ஆகியவற்றைப் பார்ப்பது வணிக ஆதரவு அமைப்பு, அதாவது பிஎஸ்எஸ். அங்கே இது ஒரு 'பிராடக்ட்'. ஓஎஸ்எஸ்ஸுக்கு வந்ததும் அதே ஆர்டர் 'சர்வீஸ்' ஆகிறது: இணைய அணுகல், இன்ன வேகம். அதற்கும் கீழே 'ரிசோர்ஸ்': நிலையத்தில் ஃபைபர் கிளம்பும் கருவியான ஓஎல்டியின் போர்ட், அந்த ஃபைபர் வீட்டில் வந்து முடியும் கருவியான ஓஎன்டியின் சீரியல் எண், ஒரே வழியில் போகும் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலான் எண், ஐபி முகவரி.

இந்த மூன்று அடுக்குகளையும் கோக்கும் அடையாள எண்கள் அறுந்துவிடக் கூடாது. அறுந்தால், வாடிக்கையாளர் இணைப்பை ரத்து செய்த பிறகும் போர்ட் விடுபடாமல் கிடக்கும். அல்லது போர்ட் விடுபட்டும் பில் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது நிறுவனத்துக்கு நஷ்டம், இரண்டாவது வாடிக்கையாளருக்கு அநியாயம்.

3. ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவிக்கு இஎம்எஸ் தருதே, அப்புறம் தனியா எதுக்கு ஓஎஸ்எஸ்?

இஎம்எஸ் என்பது கருவி நிர்வாக அமைப்பு. அதற்குத் தன் நிறுவனத்தின் கருவிகளை மட்டுமே தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கென்றே ஒதுக்கிய தனிவழி இணைப்பு, அதாவது சர்க்யூட், ஒரு நிறுவனத்தின் ரூட்டரில் தொடங்கி, இன்னொன்றின் ஒளியிழைக் கருவி வழியாகப் போய், மூன்றாவதின் சுவிட்சில் முடியலாம். மூன்று இஎம்எஸ்களிலும் துண்டு துண்டாகத் தெரிவதை ஒரே சர்க்யூட்டாக, இன்ன வாடிக்கையாளருடையது என்று காட்டுவது மேலே உள்ள அமைப்பின் வேலை.

தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியு-டி அமைப்பின் எம்.3010 பரிந்துரை இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டியது: கருவி, கருவி நிர்வாகம், நெட்வொர்க் நிர்வாகம், சேவை நிர்வாகம், வணிக நிர்வாகம். படம் பழையதுதான். ஆனால் ஒரு வேலை எந்த அடுக்கில் நடக்க வேண்டும் என்ற வாதம் எழும்போது இன்றும் அதுதான் கைகொடுக்கிறது.

4. முப்பது நாப்பது வருஷப் பழைய சிஸ்டமெல்லாம் இன்னும் ஏன் ஓடுது? தூக்கிப் போட முடியாதா?

அமெரிக்காவில் பெல் நிறுவனங்களுக்காக 1970-களில் உருவான டிர்க்ஸ் என்ற சர்க்யூட் பதிவு அமைப்பும், 1984-இல் அதே நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான பெல்கோர் வகுத்த, கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎல்1 மொழியும் பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் நீடித்தன. நீடித்ததற்குச் சோம்பல் காரணமல்ல. பழைய அமைப்புக்குள் மூன்று விஷயங்கள் புதைந்திருக்கின்றன: இன்னும் பணம் கட்டும் வாடிக்கையாளரின் பழைய சேவைகள், எந்த ஆவணத்திலும் எழுதாத வணிக விதிகள், அதிலிருந்து தரவு எடுக்கும் வேறு பல அமைப்புகள்.

மூன்றாவதுதான் ஆளைச் சாய்க்கும். அணைக்கும் நாளன்றுதான், நிதிப் பிரிவின் மாதாந்திர அறிக்கை ஒன்று அதன் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக எடுக்கப்படுவது தெரியவரும். எனவே மாற்றத் திட்டத்தின் முதல் வேலை, பழைய அமைப்பில் யார் யார் எந்தப் பயனர் கணக்கில் நுழைகிறார்கள் என்ற பதிவை (லாக்) எடுப்பது. மாத இறுதி, காலாண்டு இறுதி வேலைகளும் அதில் சிக்க வேண்டும் என்பதால் குறைந்தது ஒரு காலாண்டுக்கு எடுங்கள்.

5. இன்வென்டரியில ஃப்ரீன்னு காட்டுற போர்ட்ல போய்ப் பார்த்தா கேபிள் இருக்கு. எப்படி இவ்வளவு தப்பாகுது?

ஒரே நாளில் ஆவதில்லை. இரவில் ஒரு கார்டு பழுதாகிறது. பணியாளர் வாடிக்கையாளரை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிச் சேவையை மீட்கிறார். செய்தது சரிதான். ஆனால் பதிவைத் திருத்தும் படி டிக்கெட்டில் இல்லை, டிக்கெட் மூடப்படுகிறது. ரத்தான ஆர்டர், தான் முன்பதிவு செய்த போர்ட்டை விடுவிக்காமலே போகிறது. கழற்றிய கருவியின் பதிவு நீக்கப்படுவதில்லை. ஒரே நிலையத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டில் இரண்டு பெயர். திட்டமிட்ட வரைபடம் ஒன்று, களத்தில் கட்டியது வேறு, பதிவில் ஏறியதோ முதலாவது.

"95 சதவீதம் சரியாக இருக்கிறது" என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒரு ஆர்டர் முடிய 5 பதிவுகள் ஒருசேரச் சரியாக இருக்க வேண்டும் என்று வையுங்கள். 0.95-ஐ ஐந்து முறை பெருக்கினால் சுமார் 0.77. நூறு ஆர்டர்களில் 23 எங்கோ இடிக்கும். பயனர்கள் நம்பிக்கை இழந்து தங்கள் சொந்த எக்செல் கோப்பை வைத்துக்கொள்ளத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். அதன் பிறகு இன்வென்டரி இன்னும் வேகமாகக் கெடும், ஏனென்றால் திருத்தங்கள் எக்செல்லுக்குத்தான் போகும்.

வழி ஒன்றுதான். போர்ட், கார்டு, கேபிள் எதைத் தொட்ட டிக்கெட்டாக இருந்தாலும், பதிவு திருத்தப்படும் வரை 'முடிந்தது' நிலைக்குப் போகக் கூடாது. சேவை மீண்ட நேரத்தையும் டிக்கெட் மூடிய நேரத்தையும் தனித்தனியாக அளந்தால் பணியாளருக்கு இதில் பாதிப்பு இல்லை. முன்பதிவுகளுக்கும் காலாவதி வையுங்கள். ஆர்டர் ரத்தானால் தானாக விடுபட வேண்டும்.

6. ஆட்டோ டிஸ்கவரி போட்டா எல்லாம் சரியாயிடும்னு வெண்டர் சொல்றார். நம்பலாமா?

பாதி நம்பலாம். ஆட்டோ டிஸ்கவரி என்பது கருவிகளையே கேட்டுப் பதிவை நிரப்புவது. மின்சாரத்தில் இயங்கும் கருவிகளின் கார்டு, போர்ட், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு எல்லாம் கிடைக்கும். கருவிகள் அண்டைக் கருவிக்குத் தம்மை அறிவிக்கும் எல்எல்டிபி நெறிமுறை இயங்கினால் அண்டைக் கருவி எது என்பதும் தெரியும்.

தெரியாதவை: ஒளியிழைக் கேபிள், ஒரு ஃபைபரைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், இணைப்புப் பெட்டி, விநியோகச் சட்டகம், குழாய்ப் பாதை. இவை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத ஜடப்பொருள்கள். களத்தில் பார்த்து எழுதினால்தான் உண்டு. அந்த போர்ட் யாருக்கானது, ஏன் ஒதுக்கப்பட்டது என்பதையும் கருவி சொல்லாது. இடைமுக விளக்க வரியில் யாராவது எழுதியிருந்தால் அதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

7. நெட்வொர்க்கும் இன்வென்டரியும் வேற வேற சொன்னா எதை நம்பணும்?

"நெட்வொர்க்தான் உண்மை" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் பெரிய தவறுக்கு வழிவிடுகிறார்கள். யாரோ அனுமதியின்றி மாற்றிய கான்ஃபிகரேஷனை இன்வென்டரிக்குள் இழுத்துக்கொண்டால், பிழை அதிகாரபூர்வப் பதிவாகிவிடும். மறுபக்கம், "இன்வென்டரிதான் உண்மை" என்று நெட்வொர்க்கின் மேல் அப்படியே எழுதினால், நள்ளிரவில் சேவையை மீட்கப் போட்ட திருத்தம் அழிந்து வாடிக்கையாளரின் இணைப்பு போகும்.

ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி உரிமையாளர் வேண்டும். கார்டின் சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, போர்ட்டின் மேல்-கீழ் நிலை: நெட்வொர்க் சொல்வதே சரி, தானாகத் திருத்தலாம். வாடிக்கையாளர் ஒதுக்கீடு, வேக வரம்பு, விலான்: ஆர்டர் வழியாக வந்த பதிவே சரி, வேறுபாடு இருந்தால் ஒரு மனிதரின் பார்வைக்குப் போக வேண்டும். ஐபி முகவரிக்கு அதை ஒதுக்கும் அமைப்பு. இந்தப் பட்டியலைக் காகிதத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு ஒப்பீட்டுக் கருவியை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் வேறுபாடுகள் மலையாகக் குவியும். வகை பிரித்தால் பெரும்பகுதி ஒரு சில காரணங்களில் அடங்கும்; பெயரிடும் முறை அதில் நிச்சயம் ஒன்றாக இருக்கும்.

8. ஆர்டர் பாதியில நின்னுடுது. கையால தள்ளி விட்டா போகுது. இதுக்கு நிரந்தரத் தீர்வு என்ன?

துறையில் இதை ஃபால்அவுட் என்கிறார்கள். மூலக்காரணத்தில் பெரும்பங்கு 5-ஆம் பதிலில் சொன்ன தரவுப் பிழைகள். அடுத்தது, பாதி முடிந்த நிலை: ஓஎல்டியில் விலான் ஏறிவிட்டது, ரூட்டரில் ஏறும்போது நேரம் கடந்துவிட்டது. மறுமுறை முயன்றால் ஓஎல்டி "ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை திருப்பி அனுப்புகிறது, ஆர்டர் மறுபடி நிற்கிறது.

ஒவ்வொரு ஆக்டிவேஷன் படியும் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவைத் தர வேண்டும்: இருக்கிறதா என்று பார், இருந்து சரியாகவும் இருந்தால் வெற்றி என்று சொல், வேறு மதிப்போடு இருந்தால் நிறுத்து. ஒவ்வொரு படிக்கும் அதைத் திரும்ப எடுக்கும் படி ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் படிக்குப் பிறகு வாடிக்கையாளர் ரத்து செய்ய முடியாது என்ற எல்லையையும் முன்பே குறித்துவிட வேண்டும்.

கையால் தள்ளிவிடும் பணியாளர் செய்வதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அதை எண்ணுங்கள். முதலிடத்தில் வரும் காரணத்தை மட்டும் எடுத்து மூலத்தில் சரிசெய்யுங்கள். அந்த ஆட்களின் தலைக்குள் இருப்பதுதான் நிறுவனத்தின் உண்மையான செயல்முறை. திட்டக் கூட்டங்களுக்கு அவர்களைக் கூப்பிடாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று வருத்தமாக இருக்கிறது.

9. ஒரு கேபிள் வெட்டினா ஆயிரக்கணக்குல அலாரம் கொட்டுது. எப்படிக் குறைக்கிறது?

எளிமையிலிருந்து தொடங்குங்கள். ஒரே கருவி, ஒரே காரணம், ஒரே பொருள் என்றால் புது வரி வேண்டாம். இருக்கும் வரியில் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். மேலே-கீழே துடிக்கும் இணைப்புக்கு, வந்த உடனே டிக்கெட் திறக்காமல் ஓரிரு நிமிடம் பொறுத்து, அப்போதும் நீடித்தால் திறக்கலாம். திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தில் அலாரங்களை மறைக்கலாம், ஆனால் முடிவு நேரம் கட்டாயம் வேண்டும். முடிவு நேரமில்லாத மறைப்பு பல மாதம் கழித்து ஒரு பெரிய பழுதை விழுங்கிவிடும்.

ஐடியு-டியின் எக்ஸ்.733 பரிந்துரை அலாரங்களுக்கு கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங், தீர்மானிக்க முடியாதது, நீங்கியது என்று நிலைகளை வகுத்தது. கருவி தரும் நிலையை அப்படியே எடுக்காதீர்கள். ஆளில்லாத போர்ட்டின் 'கிரிட்டிக்கல்'லும் மருத்துவமனைச் சர்க்யூட்டின் 'மைனர்'உம் வருகிற வரிசையில் பார்க்க வேண்டியவை அல்ல. யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை இன்வென்டரியிலிருந்து எடுத்துச் சேர்த்த பிறகே முன்னுரிமை.

அதற்கு மேல், இணைப்பு வரைபடத்தை வைத்துக் காரணத்தைத் தேடுவது. ஒரு ஓஎல்டி போர்ட்டின் ஃபைபரை ஸ்பிளிட்டர் வழியாகப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் நெட்வொர்க்கில் இது அழகாக வேலை செய்யும். மின்சாரம் போகும்போது ஓஎன்டி அணைவதற்கு முன் 'டையிங் காஸ்ப்' என்ற கடைசிச் செய்தியை அனுப்பும். ஒரு பகுதியில் பல ஓஎல்டி போர்ட்களில் இருந்து அந்தச் செய்தியோடு ஓஎன்டிகள் மறைந்தால் மின்வெட்டு. ஒரே போர்ட்டின் எல்லா ஓஎன்டிகளும் அந்தச் செய்தி இல்லாமல் ஒரே நொடியில் மறைந்தால் பிரதான ஃபைபர் வெட்டு, அல்லது ஓஎல்டியின் ஒளிப்பகுதிப் பழுது. ஒரு ஸ்பிளிட்டரின் கீழ் உள்ளவை மட்டும் மறைந்தால், அந்த ஸ்பிளிட்டருக்கு வரும் கிளையில் தேடலாம். செய்தி சில நேரம் வந்து சேராது என்பதால் ஒன்றிரண்டை வைத்து முடிவு செய்யாமல் கூட்டமாகப் பாருங்கள். எந்த ஓஎன்டி எந்த ஸ்பிளிட்டரில் என்ற பதிவு தப்பாக இருந்தால் இந்த விதிகள் அனைத்தும் தப்பான இடத்துக்கு ஆளை அனுப்பும்.

10. அலாரமே இல்ல, ஆனா கஸ்டமர் கம்ப்ளைன்ட் வருது. அது எப்படி?

கருவி தனக்குத் தெரிந்த பழுதைத்தான் சொல்லும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரு செல், கேட்டால் நலமாக இருப்பதாகவே பதில் தரும். யாராலும் அதில் இணைய முடியாது. 'தூங்கும் செல்' என்பார்கள். அலாரப் பலகை பச்சையாக இருக்கும். பெர்ஃபார்மன்ஸ் கோப்புகள் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். அதில் இணைப்பு முயற்சிகளின் எண்ணிக்கை, போன வாரத்தின் அதே கிழமை, அதே நேரத்தோடு ஒப்பிட்டால் பாதாளத்தில் இருக்கும். அதற்கு ஒரு விதி எழுதுங்கள்.

இன்னொரு சாத்தியம்: அலாரம் வரும் வழியே அறுந்திருக்கலாம். இது 12-ஆம் கேள்வியில்.

11. ரெண்டு தனிப் பாதைன்னு பதிவுல இருக்கு. ஒரே வெட்டுல ரெண்டும் போச்சு. எப்படி சாத்தியம்?

தர்க்க அளவில் இரண்டு பாதை, மண்ணுக்கடியில் ஒரே குழாய். அல்லது இரண்டும் ஒரே பாலத்தைக் கடக்கின்றன, ஒரே கருவியின் ஒரே கார்டில் முடிகின்றன, ஒரே மின்வழங்கியை நம்புகின்றன. இரண்டு கேபிள்களும் பல ஆண்டுகளுக்கு முன் தனித்தனியாகவே போயிருக்கும்; நடுவில் ஏதோ சாலை வேலைக்காக ஒன்றை நகர்த்தியபோது மற்றதோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். சர்க்யூட் பதிவில் அந்த நகர்வு தெரியாது.

குழாய், பாலம், கட்டடம், மின்வழங்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடர்க்குழு எண் கொடுங்கள். இரட்டைப் பாதைச் சர்க்யூட் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்தின் எண்களையும் ஒப்பிட்டுப் பொதுவானது எது என்று இரவுதோறும் கணக்கிடச் சொல்லலாம். ஆர்டர் போடும்போது மட்டும் சரிபார்த்தால் போதாது. கேபிளை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கணக்கு மாறுகிறது. இரட்டைப் பாதைக்கு வாடிக்கையாளர் கூடுதல் பணம் கட்டுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

12. எஸ்என்எம்பி போதாதா? எதுக்கு நெட்கான்ஃப் எல்லாம்?

கருவிகளின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறையான எஸ்என்எம்பி இன்னும் பயனுள்ளதுதான். ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கருவி தானாக அனுப்பும் ட்ராப் செய்திகள் யுடிபி நெறிமுறையில் 162-ஆம் போர்ட் எண்ணுக்கு வருபவை. வந்து சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. நெரிசலில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், தொலையும். எனவே கருவியின் தற்போதைய அலாரப் பட்டியலை அவ்வப்போது கேட்டு ஒத்திசைக்க வேண்டும். கருவி உயிரோடிருக்கிறதா என்ற சோதனையும் தனியாக வேண்டும்.

இரண்டு, கடந்துபோன பைட்களை எண்ணும் 32 பிட் கவுன்டர். அதன் உச்சம் 4,294,967,295 பைட். 100 எம்பிபிஎஸ் முழு ஓட்டத்தில் அது சுமார் 343 நொடியில் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். 1 ஜிபிபிஎஸ்ஸில் 34 நொடியில். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் நடுவில் எத்தனை முறை சுற்றியது என்றே தெரியாது. வரைபடம் இணைப்பு காலியாக இருப்பதாகக் காட்டும். 64 பிட் கவுன்டரைப் படியுங்கள். அது எஸ்என்எம்பி முதல் பதிப்பில் கிடையாது, இரண்டாம் பதிப்பிலிருந்துதான்.

கான்ஃபிகரேஷனை மாற்ற நெட்கான்ஃப் சிறந்தது. 2006-இல் வெளிவந்து 2011-இல் திருத்தப்பட்ட இந்த நெறிமுறை, மாற்றங்களைத் தனிப் பிரதியில் வைத்துச் சரிபார்த்து, மொத்தமாக ஏற்றவோ மொத்தமாகக் கைவிடவோ வழி தருகிறது. உறுதிப்படுத்தும் ஏற்றமும் உண்டு: குறித்த நேரத்துக்குள், இயல்பாக 600 நொடி, இரண்டாவது உறுதி வராவிட்டால் கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பும். தொலைவிலுள்ள ரூட்டரின் நிர்வாகப் பாதையைத் தவறுதலாக வெட்டிக்கொள்பவரைக் காப்பாற்றுவது இதுதான். இந்த வசதிகள் எல்லாம் கருவிக்குக் கருவி விருப்பத்துக்குரியவை. இணைக்கும்போது கருவி அனுப்பும் திறன் பட்டியலைப் பாருங்கள்.

13. நேரம் தப்பா இருந்தா அவ்வளவு பிரச்சனையா?

ஆம். ஒரு கருவியின் கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கினால், விளைவு முன்னும் காரணம் பின்னுமாகப் பதிவாகி, 9-ஆம் பதிலின் விதிகள் தலைகீழாகும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யுடிசியில் சேமித்து, திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டுங்கள். கடிகாரங்களை ஒன்றுசேர்க்கும் என்டிபி நெறிமுறையின் ஒத்திசைவு இழப்புக்கு ஓர் அலாரம் வையுங்கள். கருவி சொன்ன நேரம், அமைப்புக்கு வந்த நேரம் இரண்டையும் சேமியுங்கள்.

14. டிஎம் ஃபோரம் ஓப்பன் ஏபிஐ ஆதரிக்குதுன்னு போட்டிருக்கு. அப்ப வாங்கிட்டு வந்து சொருகினா ஓடிடுமா?

ஓடாது, ஆனாலும் கேட்டு வாங்குங்கள். டிஎம் ஃபோரம் 1988-இல் தொடங்கிய துறைக் கூட்டமைப்பு. பிராடக்ட் ஆர்டருக்கு டிஎம்எஃப்622, சர்வீஸ் ஆர்டருக்கு டிஎம்எஃப்641, ரிசோர்ஸ் ஆர்டருக்கு டிஎம்எஃப்652, அலாரத்துக்கு டிஎம்எஃப்642 என்று அவர்கள் வகுத்த இடைமுகங்கள், 2-ஆம் பதிலின் மூன்று அடுக்குகளையே பின்பற்றுகின்றன. ஆர்டரின் வெளிவடிவம் அங்கே ஒன்றுபடும். உள்ளே வரும் சேவைப் பண்புகள் பெயர், மதிப்பு என்ற ஜோடிகள். அவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுக்கிறது. ஒரு பக்கம் வேகத்தை எம்பிபிஎஸ்ஸிலும் மறுபக்கம் கேபிபிஎஸ்ஸிலும் எடுத்தால் இரண்டும் தரத்துக்கு உட்பட்டவையே, வாடிக்கையாளருக்கு வருவது மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆர்டர் நிலைகளிலும் கவனம் தேவை. தரத்தில் 'ஹெல்ட்' என்றால் ஏதோ சிக்கலால் நிற்கிறது. 'பெண்டிங்' என்றால் வாடிக்கையாளரிடமிருந்தோ வெளியிலிருந்தோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நிலையாக மாற்றும் இணைப்பியை எழுதினால் யாரைத் துரத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தத்துக்கு முன், உங்களுடைய நிஜ ஆர்டர்களில் கடினமான பத்தை எடுத்து அவர்கள் அமைப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகம் மாற்றுதல், இடம் மாற்றுதல், பாதியில் ரத்து ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். புது இணைப்பு ஆர்டர் எல்லோரிடமும் ஓடும்.

15. நெட்வொர்க் எல்லாம் வெர்ச்சுவல் ஆயிடுச்சே, இன்வென்டரி இன்னும் தேவையா?

முன்னைவிட அதிகம் தேவை. 2012-இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியின் கீழ் என்எஃப்வி பணிக்குழு தொடங்கியதிலிருந்து, நெட்வொர்க் வேலைகள் பொதுவான சர்வர்களில் ஓடும் மென்பொருளாக மாறி வருகின்றன. பழைய பதிவில் ஒரு கார்டு பல ஆண்டு அதே இடத்தில் இருக்கும். இப்போது ஒரு மென்பொருள் பிரதி பழுதானால், பிரதிகளை நிர்வகிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் வேறு சர்வரில் புதியதை எழுப்பிவிடுகிறது. அதற்குப் புது அடையாள எண். பழைய எண்ணோடு கட்டிவைத்த அலாரம் விதி, டிக்கெட், அறிக்கை எல்லாம் அநாதையாகும். எனவே நிலையான பெயர் சேவைப் பாத்திரத்துக்கு, மாறும் எண் பிரதிக்கு என்று பிரித்துவைக்க வேண்டும். இரவு நேரத்தில் ஒருமுறை ஒப்பிடும் பழக்கம் இங்கே போதாது. மாற்றம் நடக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரேட்டர் செய்தி அனுப்ப வேண்டும்.

11-ஆம் கேள்வியின் சிக்கல் இங்கே புது உருவில் வரும்: செயல்படும் பிரதியும் மாற்றுப் பிரதியும் ஒரே சர்வரில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற விதியை ஏற்றும்போதே எழுதுங்கள். பராமரிப்புக்காகச் சர்வரைக் காலி செய்யும் நாளிலும் அந்த விதி பின்பற்றப்படுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

16. பழசை ஒரே ராத்திரியில மாத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாமா?

சின்ன நெட்வொர்க், ஒரே வகைச் சேவை என்றால் ஒரே இரவு நியாயமானது. மற்றபடி படிப்படியாகத்தான். ஆனால் படிப்படி என்பது இலவசமல்ல. நடுக்காலத்தில் இரண்டு இன்வென்டரிகள் உயிரோடிருக்கும். இரண்டும் ஒரே போர்ட்டை, ஒரே விலானை வெவ்வேறு ஆளுக்குக் கொடுக்கும். அதைத் தடுக்க வளங்களைப் பிரியுங்கள். விலான் எண்கள் 1 முதல் 4094 வரைதான். ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பவை போக மீதியைப் பழையதற்கு ஒரு வரம்பு, புதியதற்கு ஒரு வரம்பு என்று ஒதுக்கலாம். போர்ட்டைப் பொறுத்தவரை கருவி முழுவதையும் ஏதாவது ஒரு பக்கம் கொடுங்கள். ஒரே கருவியை இரு அமைப்பும் தொட விடாதீர்கள்.

தரவை நகர்த்தும் ஒத்திகை குறைந்தது மூன்று முறை, முழு அளவில், நிஜத் தரவில். முதல் ஒத்திகை எங்கே உடைகிறது என்று காட்டும், இரண்டாவது திருத்தங்கள் சரியா என்று காட்டும், மூன்றாவது எத்தனை மணி நேரம் ஆகும் என்று காட்டும். ஒத்திகைக்குப் பின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும்: பத்து லட்சம் பதிவு போய், பத்து லட்சம் வந்திருக்கும், இணைப்புகள் மாறி வந்திருக்கும். வாடிக்கையாளரிலிருந்து போர்ட் வரை முழுச் சங்கிலியாகச் சிலவற்றை எடுத்துக் கையால் பாருங்கள்.

எல்லோரும் மறப்பது நடுவழியில் இருக்கும் ஆர்டர்கள். ஐந்து படியில் மூன்று முடிந்த ஆர்டரைப் புதிய அமைப்பில் எந்தப் படியில் இறக்குவது? பெரும்பாலும் சிறந்த பதில், இறக்காமல் பழையதிலேயே முடித்துவிடுவது. அதற்காக, மாற்றத்துக்குச் சில நாள் முன்பே நீண்ட கால ஆர்டர்களை ஏற்பதை நிறுத்துங்கள். பின்வாங்கும் முடிவு எத்தனை மணிக்குள், யார் எடுப்பார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். விடியற்காலையில் சோர்ந்திருக்கும் குழுவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

17. ஏஐ வந்துடுச்சே, இனிமே இந்தத் தலைவலி எல்லாம் போயிடுமா?

அலாரங்களைக் கூட்டம் சேர்ப்பது, வழக்கத்துக்கு மாறான போக்கைக் கண்டுபிடிப்பது, டிக்கெட் சுருக்கம் எழுதுவது ஆகியவற்றில் உண்மையான பலன் இருக்கிறது. ஆனால் மூலக்காரணம் சொல்லப் பழக்க வேண்டுமென்றால் பழைய டிக்கெட்களின் முடிவுக் குறியீடு சரியாக இருக்க வேண்டும். திறந்து பாருங்கள்: 'மற்றவை', 'ரீசெட் செய்தபின் சரி' என்பவைதான் முன்னணியில் நிற்கும். அதிலிருந்து எந்த மாதிரியும் எதையும் கற்க முடியாது. குறியீடுகளைக் குறைத்து, களப்பணியாளருக்குப் புரியும் சொற்களில் மாற்றி, சில மாதம் ஒழுங்காகச் சேகரித்த பிறகு தொடங்குங்கள்.

தானே திருத்திக்கொள்ளும் நெட்வொர்க் பற்றி டிஎம் ஃபோரம் 0 முதல் 5 வரை படிநிலைகள் வகுத்திருக்கிறது. எந்தப் படிக்கு ஏறினாலும், முதலில் பரிந்துரை மட்டும், அடுத்து மனிதர் ஒப்புதலோடு செயல், பிறகே தானியங்கிச் செயல். அப்போதும் ஒரு மணி நேரத்தில் இத்தனை கருவிகளுக்கு மேல் தொடக் கூடாது என்ற வரம்பு வேண்டும். தப்பான திருத்தத்தை மனிதர் ஒரு கருவியில் செய்து நிறுத்துவார், தானியங்கி நிறுத்தாது.

18. மேலதிகாரி எம்டிடிஆர் குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்படறார். கஸ்டமர் கோபம் குறையலையே?

எம்டிடிஆர் என்பது பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரம். அந்த அளவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்' என்று போட்டால் கடிகாரம் நிற்கும் வசதி பெரும்பாலான டிக்கெட் அமைப்புகளில் உண்டு. அந்த நிலையில் கழிந்த நேரத்தைத் தனியே எடுங்கள். ஒரே இணைப்புக்கு சில நாட்களில் மீண்டும் திறந்த டிக்கெட்களையும் எண்ணுங்கள். இரண்டும் ஏறியிருந்தால் எம்டிடிஆர் இறங்கியதில் அர்த்தமில்லை.

நம்பத் தகுந்த அளவுகள் சில: கைபடாமல் முடிந்த ஆர்டர்களின் பங்கு, மாதாமாதம் தோராயமாகத் தேர்ந்த போர்ட்களைக் களத்தில் பார்த்துச் சரியாக இருந்தவற்றின் பங்கு, வாடிக்கையாளர் கூப்பிடும் முன்பே நாம் அறிந்த பழுதுகளின் பங்கு. மூன்றாவதை உயர்த்திக்காட்ட யாரும் டிக்கெட்டை வளைக்க முடியாது, அதனால் அது எனக்கு மிகவும் பிடித்தது.

19. எங்களுக்குச் சின்ன டீம், பட்ஜெட் கிடையாது. எங்க ஆரம்பிக்கலாம்?

நிலையம், கருவி, போர்ட் மூன்றுக்கும் ஒரே பெயரிடும் முறையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இனி வருபவை அதன்படியே. பிறகு ஒரே ஒரு நிலையத்தை எடுத்து, அங்குள்ள எல்லா போர்ட்களையும் நேரில் பார்த்துப் பதிவைச் சரிசெய்யுங்கள். உடனே அந்த நிலையத்துக்கு மட்டும் 5-ஆம் பதிலின் டிக்கெட் விதியை அமலாக்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அதே நிலையத்தைச் சரிபாருங்கள். பதிவு கெடாமல் இருந்தால் விதி வேலை செய்கிறது, அடுத்த நிலையத்துக்குப் போகலாம். கெட்டிருந்தால் எந்த வேலை பதிவைத் தொடாமல் நழுவியது என்று அந்த மாத டிக்கெட்களில் தேடி, அந்த ஓட்டையை அடைத்த பிறகே அடுத்தது. கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் நெட்பாக்ஸ் போன்ற இன்வென்டரிக் கருவி இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும்.